லூப்புக்கு வெளியே ஒரு க்ளோஸ்

ராத்திரி தானா ஓடுற ஜாவா பேட்ச் ஜாப் பாதியிலேயே படுத்துடுச்சு. லாக்ல ஒரே வரி, ஆரக்கிள் டேட்டாபேஸோட எரர்: ஓஆர்ஏ-01000. திறந்து வைக்கிற கர்சர்களோட (ஓடுற எஸ்கியூஎல்லுக்கு டேட்டாபேஸ் ஒதுக்குற இடம்) உச்சவரம்பு தாண்டியாச்சு.

"அந்த வரம்பை வைக்கிற ஓப்பன்_கர்சர்ஸை 300லேர்ந்து 1000 ஆக்கிடலாமா?"ன்னு டீம்ல ஒருத்தர் கேட்டார்.

ஆக்கலாம். 300ஐத் தொட்டப்போ விழுந்தது, 1000ஐத் தொடும்போது விழும்.

திறந்திருக்கிற கர்சர்களைக் காட்டுற வி$ஓப்பன்_கர்சர் வியூவைப் பார்த்தா, ஒரே செஷன், ஒரே எஸ்கியூஎல், வரிசையா அதுவே. அங்கேயே குட்டு உடைஞ்சுது.

கோடுல ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு புது பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (மதிப்பை மட்டும் மாத்தி ஓட்டுற மாதிரி தயார் பண்ணின எஸ்கியூஎல்). அதை மூடுற க்ளோஸும் இருக்கு. ஆனா லூப்புக்கு வெளியே! கடைசியா பிறந்தது மட்டும் மூடும், மத்ததெல்லாம் அநாதை. (ரிவ்யூல க்ளோஸ்ங்கிற வார்த்தை கண்ணுல பட்டதும் எல்லாரும் தாண்டிப் போயிருப்பாங்க.)

வேண்டாத மெமரியைச் சுத்தம் பண்ற ஜாவாவோட கார்பேஜ் கலெக்டர் பார்த்துக்கும்னு நம்பாதீங்க. அதுக்குத் தெரிஞ்சது மெமரி மட்டும்தான். டேட்டாபேஸ் பக்கம் ஒரு கர்சர் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?

ஸ்டேட்மென்ட்டை லூப்புக்கு மேலே ஒரே ஒரு தடவை தயார் பண்ணி, உள்ளே மதிப்பை மட்டும் மாத்தி ஓட்டினோம். ஒவ்வொரு தடவையும் எஸ்கியூஎல்லை பார்ஸ் பண்ற (அலசிப் புரிஞ்சுக்கிற) வேலையும் மிச்சம்.

உள்ளேதான் உருவாக்கியாகணும்னா ட்ரை-வித்-ரிசோர்சஸ் போடுங்க. ஜாவா 7லேர்ந்தே இருக்கு. நடுவுல எக்ஸெப்ஷன் வந்தாலும் மூடிட்டுத்தான் வெளியே வரும்.