சாங்கியிலிருந்து சுவர்ணபூமிக்கு
சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 1,400 கிலோமீட்டர். பறப்பது ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதையும் சேர்த்து, அட்டவணையில் இரண்டரை மணி நேரம் வரை போடுவார்கள்.

ஆனால் டிக்கெட்டைப் பாருங்கள். காலை 10 மணிக்குக் கிளம்பினால் 11.25க்கே பாங்காக்! திரும்பும்போது அதே தூரம் மூன்றரை மணி நேரம் மாதிரி தெரியும். பாங்காக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் இருப்பதுதான் காரணம். சூரியக் கணக்கில் இரண்டு ஊருக்கும் கால் மணி வித்தியாசம்கூட இல்லை. ஆனாலும் கடிகாரத்தில் முன்பே அரை மணி வித்தியாசம் இருந்தது. 1982இல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை இன்னும் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது, சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது.

பாங்காக்கில் இறங்கி அடுத்த விமானம் பிடிப்பவர்கள், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதைக் கவனித்து இடைவெளியைக் கணக்குப் போடுங்கள்.