வீங்கிய பற்றரியும் எழுதித் தராத உத்தரவாதமும்

மடிக்கணினியின் பற்றரி வீங்கிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. மேசையில் வைத்தால் ஒரு மூலை எழும்பி நிற்கும். அதை அழுத்தினால் எதிர்மூலை எழும்பும். என்னுடையதில் டச்பேட்டின் கீழ் விளிம்பு சட்டத்தை விட்டுப் பிரிந்து, உள்ளே ஓர் அறிமுக அட்டையைச் செருகலாம் என்ற அளவுக்கு மேலே வந்திருந்தது. விரலால் அழுத்தினால் 'கிளிக்' என்ற ஓசை வரவில்லை. அடியில் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. இதையெல்லாம் பல கோணங்களில் படம் பிடித்துத் தயாரிப்பு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு அனுப்பினேன். விண்டோஸை முழுமையாக அழித்துவிட்டு மீண்டும் நிறுவிப் பார்க்கும்படி பதில் வந்தது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே அச்சுக்கான பக்க வடிவமைப்புச் செய்கிறேன். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா மலர் எல்லாம் வரும் என்றாலும் அதிகம் வருவது ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் நினைவு மலர்தான். 31ஆம் நாள் என்றால் 31ஆம் நாள்தான். அதை யாரும் தள்ளிப்போட முடியாது. 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனபோது, மேசைக் கணினியை வைத்துக்கொண்டு இந்தத் தொழில் செய்ய முடியாது என்று ஆகிவிட்டது. அதே வருடம் டொலர் 200 ரூபா மட்டத்திலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போயிருந்ததால், மடிக்கணினி வாங்குவது பெரிய முடிவாக இருந்தது. மறு வருடம் சேமிப்பையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, 3 இலட்சம் ரூபாவுக்கு மேல் கொடுத்துப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கினேன். 'கம்பனி உத்தரவாதம் 2 வருடம்' என்று பில்லில் கையால் எழுதி முத்திரையும் குத்தித் தந்தார்கள். வீக்கம் தெரிந்தபோது இரண்டாவது வருடம் பாதிகூட முடிந்திருக்கவில்லை.

உத்தரவாத அட்டையில் இருக்கும் இலக்கத்துக்கு எடுத்தால் அழைப்பு நாட்டுக்கு வெளியே போகிறது. ஆங்கிலம் மட்டும்தான். எனக்கு அது தடையில்லை. ஆனால் இதே பெட்டியை இதே விலைக்கு இந்த நகரத்தில் எல்லோருக்கும் விற்கிறார்கள். தமிழோ சிங்களமோ மட்டும் தெரிந்த ஒருவர், மடியில் வீங்கிய பற்றரியை வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பார்? இணையத்தளத்தில் முறைப்பாடு பதியலாம் என்று பார்த்தால், நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லை. பக்கத்து நாட்டைத் தெரிவுசெய்தால், 'இந்தத் தொடர் இலக்கம் உங்கள் நாட்டில் விற்கப்படவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. மறுபடியும் தொலைபேசிதான்.

"மேடம், கடைசியாக எப்போது அப்டேட் செய்தீர்கள்?" என்று தொடங்கினார் அந்தப் பையன். பற்றரி வீங்கியிருக்கிறது, படம் அனுப்பியிருக்கிறேன் என்றேன். "புரிகிறது மேடம். இப்போது சார்ஜரைப் பொருத்துங்கள்" என்றார். எதற்கு என்று கேட்டேன். கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயோஸை அப்டேட் செய்ய வேண்டுமாம். சார்ஜர் பொருத்தாமல் பயோஸ் அப்டேட் நடக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் வீங்கிய லித்தியம் அயன் பற்றரிக்குச் செய்யக்கூடாத முதல் வேலையே சார்ஜ் ஏற்றுவதுதான். உள்ளே இருக்கும் மின்பகு திரவம் சிதைந்து வாயு உண்டாகி, அது வெளியேற வழியில்லாமல் உறையைத் தள்ளுகிறது. அதில் மேலும் சார்ஜ் ஏற்றினாலும், கூரான பொருளால் குத்தினாலும், அழுத்தி உட்காரவைக்கப் பார்த்தாலும் தீப்பற்றலாம். 2016இல் சாம்சங் நோட் 7 தொலைபேசிகளை உலகம் முழுவதும் திருப்பி வாங்கியது பற்றரி தீப்பற்றியதால்தான். அதை உலகமே பார்த்தது. "சார்ஜ் ஏற்ற மாட்டேன், இது ஆபத்து" என்றேன். சில நொடி மௌனத்துக்குப் பிறகு அதே வரியை மீண்டும் படித்தார். மேற்பார்வையாளரைக் கேட்டேன், அவரும் அதையே படித்தார்.

அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் முன்னால் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, பக்கத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் அந்தக் கேள்வித்தாளை எழுதியவர்கள்மேல்தான். 'பற்றரி வீங்கியிருந்தால் சார்ஜ் ஏற்றச் சொல்லாதே' என்று ஒரு வரி எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை. அன்று மாலை மின்னஞ்சல் வந்தது: பரிந்துரைத்த படிகளை வாடிக்கையாளர் செய்ய மறுத்ததால் முறைப்பாடு மூடப்படுகிறது.

வேலை நிற்கவில்லை. கோப்புகள் எல்லாம் வெளி வன்தட்டில் பிரதியாக இருந்தன. அத்தை மகனின் கணினியில் பாமினி எழுத்துருவை ஏற்றி, கையில் இருந்த நினைவு மலரை முடித்து அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். விண்டோஸை அழித்துப் பாருங்கள் என்று சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இந்த நாட்டில் தமிழ் அச்சு வேலை செய்பவர்களின் கணினியில் இருப்பது வெறும் கோப்புகள் அல்ல. இறந்துபோன ஒருவருடைய இருக்கும் ஒரே படத்தை ஒரு குடும்பம் நம்பித் தந்திருக்கும்.

அடுத்து கடை. முதலாளி மரியாதையான மனிதர், உட்காரவைத்துத் தேநீர் வாங்கித் தந்தார். "தங்கச்சி, எங்கள் கையில் ஒன்றுமில்லை. கம்பனி உத்தரவாதம் என்றால் கம்பனிதான் பார்க்க வேண்டும்" என்று இறக்குமதியாளரின் முகவரியைத் தந்தார். இறக்குமதியாளரிடம் போனால், அந்த நிறுவனத்தின் முகவர் உரிமை இப்போது தங்களிடம் இல்லை என்று கையை விரித்தார்கள். புதிய முகவரோ, இந்தப் பொருளைக் கொண்டுவந்தது தாங்கள் அல்ல என்றார். மூவரும் வாயால்தான் சொன்னார்கள். ஒருவரும் ஒரு வரி எழுதித் தரவில்லை. மீண்டும் தொலைபேசி எடுத்து மன்றாடியதில் புதிதாக ஒரு வழி காட்டினார்கள்: மடிக்கணினியைச் சிங்கப்பூரில் இருக்கும் பிராந்திய நிலையத்துக்கு என் செலவிலேயே கூரியரில் அனுப்ப வேண்டும்.

அனுப்பலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். கூரியர் கருமபீடத்தில் இருந்த பெண் பெட்டியைத் திறந்து பார்த்தார். டச்பேட் எழும்பி நிற்பதைக் கண்டதும் மூடி என் பக்கமே தள்ளினார். "இதை நாங்கள் எடுக்க முடியாது மிஸ். பழுதான லித்தியம் பற்றரியை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்." அவர் சொன்னது முழுக்கச் சரி. அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. தயாரிப்பு நிறுவனம் கண்ணால் பார்க்க மறுத்ததை இந்தப் பெண் ஒரு பார்வையில் பார்த்துவிட்டார். "அதை இந்தப் படிவத்தில் எழுதித் தருவீர்களா?" என்று கேட்டேன். தயங்காமல் எழுதினார்: 'பற்றரி வீங்கியுள்ளது. ஆபத்தான பொருள் என்பதால் ஏற்க முடியாது.' திகதி போட்டு, முத்திரை குத்தி, கையொப்பமும் வைத்தார். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு கையொப்பத்தோடு என் கைக்கு வந்த முதல் எழுத்து அதுதான்.

அன்றிலிருந்து நான் யாரிடமும் தொலைபேசியில் வாதாடவில்லை. யார் என்ன சொன்னாலும் "எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். தொலைபேசியில் சொன்னதை அன்றே மின்னஞ்சலாக எழுதி, 'நீங்கள் இன்று சொன்னது இது. தவறாயின் திருத்துங்கள்' என்று அனுப்பினேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் எடுத்தேன். பில், உத்தரவாத அட்டை, கடிதப் போக்குவரத்து எல்லாவற்றின் பிரதிகளையும் இணைத்து எழுத்தில் முறையிடும்படி சொன்னார்கள். அந்த அதிகார சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் 30ஆம் பிரிவு, வியாபாரி வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்துகொள்ளக் கூடாது என்கிறது. அதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினேன். பில்லின் பிரதி, விண்டோஸை அழிக்கச் சொன்ன மின்னஞ்சல், முறைப்பாட்டை மூடிய மின்னஞ்சல், கூரியர் படிவம் எல்லாவற்றையும் இணைத்துக் கடைக்கும் இரண்டு முகவர்களுக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பற்றரிக்குப் பொறுப்பு யார், இல்லையென்றால் ஏன் இல்லை? பதில் வராவிட்டால் இதே கட்டு அதிகார சபைக்குப் போகும் என்று அடியில் எழுதினேன்.

வாயால் 'முடியாது' என்று சொல்வதற்கு ஒரு நிமிடம்கூட எடுக்காதவர்கள், அதையே எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றதும் யோசிக்கத் தொடங்கினார்கள். முதலில் அழைத்தது புதிய முகவர்தான். பற்றரி பாவிக்கப் பாவிக்கத் தேயும் பொருள் என்பதால் அதற்கு 1 வருடம்தான் உத்தரவாதம் என்றார். பல நிறுவனங்களின் சிறு எழுத்து நிபந்தனைகளில் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் என் பில்லில் அது இல்லை. அதோடு சார்ஜ் நிற்கும் நேரம் குறைவது வேறு, பற்றரி வீங்கி உடலைப் பிளப்பது வேறு. முன்னதைத் தேய்மானம் என்று சொல்லலாம். பின்னது பாதுகாப்புப் பிரச்சினை. "நீங்கள் சொன்னதை எழுதி அனுப்புங்கள்" என்றேன். எழுதவில்லை. அடுத்த அழைப்பில், மடிக்கணினியைத் தங்கள் சேவை நிலையத்துக்குக் கொண்டுவரும்படி சொன்னார்கள்.

அங்கே கருமபீடத்தில் வேலைச் சீட்டில் 'சார்ஜ் ஆகவில்லை' என்று எழுதினார்கள். அப்படியே கையொப்பமிட்டிருந்தால் நாளைக்கு உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, கீழே விழுந்திருக்கிறது என்று எதையும் சொல்லலாம். 'பற்றரி வீங்கிய நிலையில் பெறப்பட்டது. உடலில் வேறு சேதம் இல்லை' என்று சேர்க்கச் சொன்னேன். தொடர் இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். முகம் சுளித்தார்கள், ஆனால் எழுதினார்கள். அனுமதியின்றி வன்தட்டை அழிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

திறந்து பார்க்கும்போது நானும் இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, ஹட்டன் பக்கத்துப் பையன் ஒருவர் உள்ளே அழைத்துப் போனார். ஆணிகளைக் கழற்றக் கழற்ற, எந்த இடத்து ஆணி என்று தெரியும்படி காந்த விரிப்பில் வரிசையாக வைத்தார். கடைசி ஆணி கழன்றதும் அடி மூடி தானாகவே எகிறியது. உள்ளே பற்றரியின் மூன்று கலங்கள் இருந்தன. ஓரத்தில் இருந்த இரண்டும் தட்டையாக இருந்தன. நடுவில் இருந்தது சிறு தலையணை போல உப்பி டச்பேட்டின் முதுகை முட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தகட்டால் ஓரத்தை மெதுவாக நெம்பி எடுத்து, மணல் போட்ட தகர வாளிக்குள் வைத்தார். "இதற்குமேல் சார்ஜ் போட்டிருந்தால் தெரியாது அக்கா" என்றார். தொலைபேசியில் என்ன செய்யச் சொன்னார்கள் என்பதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வேலைச் சீட்டை எடுத்துத் தான் கண்டதை அப்படியே எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். அந்தத் தம்பிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

உதிரிப் பற்றரி வரத் தாமதமானது. அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். 2016 ஏப்ரல் முதல் தனி லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்தில்தான் வரவேண்டும், அதுவும் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் சண்டை பிடித்திருக்க மாட்டார்கள். இத்தனை விதிகள் தெரிந்த துறைதான் வீங்கிய பற்றரியோடு மடிக்கணினியைச் சிங்கப்பூருக்கு அனுப்பச் சொன்னது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

புதிய பற்றரியை இலவசமாகவே போட்டுத் தந்தார்கள். எடுக்கப் போன நாளில், பரிசோதனைக் கட்டணம் கட்டினால்தான் மடிக்கணினியைத் தருவோம் என்றார்கள். உத்தரவாதத்தில் செய்த வேலைக்கு எதற்குக் கட்டணம் என்று கேட்டதற்கு, அது வழமை என்றார்கள். மறுநாள் ஒரு கோயில் மலர் கொடுக்க வேண்டியிருந்ததால் கட்டினேன். கட்டிய ரசீதின் இரண்டு பிரதிகளிலும் 'ஆட்சேபனையுடன் செலுத்தப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பழைய கடிதத்தோடு அந்த ரசீதையும் சேர்த்து மீண்டும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மாதம் முடிவதற்குள் பணம் என் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வந்தது.

இடையில் அத்தை மகனுக்கு மடிக்கணினி வாங்க அதே கடைத்தொகுதிக்குப் போனோம். 'பற்றரிக்கு எத்தனை மாதம்?' என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. 12 என்றார்கள். அதைப் பில்லில் தனி வரியாக எழுதவைத்தேன். பழுதானால் எந்த முகவர், எந்தச் சேவை நிலையம் என்பதையும் எழுதவைத்தேன். பில்லை எழுதியவருக்கு அதில் எந்தச் சங்கடமும் இருக்கவில்லை. கேட்டால் எழுதுகிறார்கள்.

தயாரிப்பு நிறுவனத்துடன் ஒரு விடயம் இன்னும் பாக்கி இருக்கிறது. உதவிப் பிரிவின் கேள்வித்தாளில் முதல் கேள்வியாக 'மடிக்கணினியின் உடலோ டச்பேட்டோ எழும்பியிருக்கிறதா?' என்று சேர்க்க வேண்டும், ஆம் என்றால் சார்ஜ் ஏற்றச் சொல்லக்கூடாது என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். கடிதம் கிடைத்தது என்ற தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. சேவை நிலையத்துத் தம்பி எழுதித் தந்த வேலைச் சீட்டையும் இணைத்துச் சென்ற வாரம் மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.