இன்னொரு வாஷ் போட்டால் குறையுமா?

“ஏனுங்க சார், இன்னொரு வாஷ் போட்டா குறைஞ்சிருங்களா?”

எங்கள் லேபில் துணியைச் சோதித்து நான் கொடுத்த ஃபெயில் ரிப்போர்ட் கைக்குப் போன அன்றே, சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் போனில் கேட்டார். “குறையும்” என்றேன். கேட்டதற்குச் சரியான பதில்தான். ஆனாலும் அந்த ஒரு சொல் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

துணியில் இருந்தது நோனைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட், சோப்பு போல வேலை செய்யும் ஒரு வேதிப்பொருள்; கிலோவுக்கு 148 மில்லிகிராம். வரம்பு 100, ஐரோப்பாவில் 2021 பிப்ரவரியிலிருந்து இதுதான் சட்டம். முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை. மெத்தனாலில் எடுத்த சாற்றை, மூலக்கூறுகளைப் பிரித்து எடைபார்க்கும் எல்.சி.எம்.எஸ். கருவியில் ஏற்றியதும் 546, 590, 634, 678 என்று 44 இடைவெளியில் பீக்குகள் ஏறி இறங்கின. 44 என்பது இந்தப் பொருளின் மூலக்கூறுச் சங்கிலியில் ஒரு கண்ணியான எத்திலீன் ஆக்சைடின் எடை. அந்த இடைவெளி மற்ற எத்தாக்ஸிலேட் சோப்புகளிலும் வரும், ஆனால் இந்த எண்கள் வராது. பாத்திரம் கழுவிய சோப்பு ஒட்டியிருக்குமோ என்று, துணி இல்லாமல் ஓட்டும் பிளாங்க்கையும் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

அவர் இன்னொரு வாஷ் போட்டார். அடுத்த சாம்பிள் 60-க்குக் கீழே வந்தது. பாஸ்.

துணியிலிருந்து போனது எங்கே போயிருக்கும்? அந்த வரம்பை வைத்ததே, வீட்டில் துவைக்கும்போது இந்தப் பொருள் கரைந்து ஐரோப்பிய ஆறுகளுக்குப் போகிறது என்பதற்காக. தண்ணீரில் சங்கிலி குறுகிக் குறுகிக் கடைசியில் நோனைல்ஃபீனாலாக நிற்கும். மீன்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் போல வேலை செய்யும். அங்கே துவைப்பில் போகவேண்டியதை இங்கேயே அலசிவிட வழி சொன்னது போல ஆகிவிட்டது.

சரி, இது திருப்பூர். 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு சாயக்கழிவு நேரே நொய்யலுக்குப் போகக்கூடாது, அதைச் சுத்திகரிக்க ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் இருக்கிறது. அந்த மாஸ்டரும் ஒழுங்காக நடத்துகிறவர். அதனால் ஆற்றில் கலந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நோனைல்ஃபீனால் தண்ணீரைவிடச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும் ரகம். சுத்திகரிப்பில் மிஞ்சும் அந்தச் சேற்றை, ஸ்லட்ஜை, யாரும் எங்களிடம் சாம்பிளாகக் கொண்டுவந்ததில்லை. துணி மட்டும்தான் வருகிறது, பையர் கேட்பது அதைத்தானே.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கப்பல் தேதி நெருங்கிவிட்டது, மொத்த லாட்டும் நிற்கிறது. அந்த நேரத்தில் “வெட்டிங் ஆயிலை மாற்றுங்க, கொழுப்பு ஆல்கஹால் எத்தாக்ஸிலேட்டுக்குப் போங்க” என்று, நோனைல்ஃபீனால் இல்லாத மாற்றைச் சொல்லியிருந்தால் அந்த லாட்டுக்கு என்ன பிரயோஜனம்? அடுத்த லாட்டுக்கு உதவியிருக்கும். அதை நான் சொல்லவில்லை. அளப்பவன் ஆலோசனையும் சொன்னால் அளவின் மேல் நம்பிக்கை போய்விடும் என்பது எங்கள் மேலாளரின் கருத்து. அதில் பாதி எனக்கும் சம்மதம். மீதிப் பாதிக்குத்தான் பதில் கிடைக்கவில்லை: “குறையும்” என்று சொன்னதே ஒரு ஆலோசனை இல்லையா?

இப்போதெல்லாம் ஃபெயில் ஆனால், சாயத்துக்கு முன் துணியை அலசும் ஸ்கவரிங்கில் போட்ட ஆயிலிலும் கொஞ்சம் அனுப்பச் சொல்கிறேன். சிலர் அனுப்புகிறார்கள். கூடுதல் டெஸ்ட்டுக்குக் கூடுதல் பணம் என்றதும் பலர், “முதல்ல வாஷ் போட்டுப் பாக்கறோமுங்க சார்” என்கிறார்கள். அவர்களிடம் அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.