ரேஷன் கணக்கு பார்த்தவரை முன்னால் நிறுத்திய 800 பேர்

பாங் ஷுன் தளபதி இல்லை. ஒரு காவல் படைக்கு வரும் தானியத்துக்கும் தீவனத்துக்கும் கணக்குப் பார்த்த சின்ன அதிகாரி. கி.பி. 868இல், தென் சீனாவில் குய்லினில், 800 சிப்பாய்கள் தங்கள் தளபதியைக் கொன்றுவிட்டு யாரைத் தலைவராக வைக்கலாம் என்று பார்த்தபோது அவரைத்தான் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் 11 வருஷம் கட்டுமான சைட்டுகளில் டைம் கீப்பராக இருந்தவன் நான், ஒரு சாயங்காலம் என்னையும் அப்படி முன்னால் வரச் சொல்லிக் கேட்டார்கள்.

முதலில் அவர்கள் கதை. தாங் பேரரசின் கடைசிக் காலம் அது. தென்மேற்கிலிருந்த நான்சாவ் அரசு, இன்றைய வடக்கு வியட்நாம் பகுதியைத் தாக்கியதால் தெற்கைக் காக்க ஆள் தேவைப்பட்டது. வடக்கே ஷூசோவில் 2,000 பேரைச் சேர்த்து அனுப்பினார்கள், அதில் 800 பேருக்குக் குய்லினில் காவல். இரண்டு ஊருக்கும் நடுவே நேர்கோட்டில் பார்த்தாலே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இன்று குய்லின் மலைகளையும் ஆற்றையும் படம் பிடிக்க உலகமே போகிறது, ஆனால் வடக்கிலிருந்து போன சிப்பாய்க்கு அது பழகாத வெக்கை, பழகாத சோறு, பேச்சும் புரியாத ஊர். சரி, 3 வருஷம்தானே, அப்புறம் மாற்று ஆள் வருவார்கள் என்பதுதான் கொடுத்த வாக்கு.

3 வருஷம் முடிந்தது. வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தார்கள். 6 வருஷம் ஆனது. ஷூசோவை அப்போது ஆண்டவர் சுய் யான்செங், கடுமைக்குப் பேர் போனவர். அவரைச் சுற்றி யின் கான், து ஜாங், ஷூ ஷிங்ஜியன் என்று மூன்று பேர், நிர்வாகமெல்லாம் இவர்கள் கையில், படை முழுக்க இவர்கள் மேல் வெறுப்பு. யின் கான் சொன்ன யோசனை இது: படைக் கஜானா காலி, புது ஆட்களை அனுப்பினால் செலவு ரொம்ப ஆகும், அங்கே இருப்பவர்களே இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்.

இந்த வாக்கியத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ஏறக்குறைய இதே வாக்கியத்தை நானே வாய்விட்டுப் படித்திருக்கிறேன். மலைப்பக்கம் ஒரு சுரங்கப்பாதை வேலை. கம்பி கட்டுகிறவர்கள், சென்ட்ரிங் ஆட்கள் என்று 60 பேர் கேம்ப்பில் இருந்தார்கள். நாலு மாசத்தில் மாற்றிவிடுவோம் என்று சொல்லி அழைத்து வந்தோம். ஒன்பதாவது மாசம் ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வந்தது: ஆள் மாற்றினால் போக்குவரத்துச் செலவு கூடுகிறது, இன்னும் இரண்டு மாதம் சமாளிக்கவும். நான்தான் ஷெட் முன்னால் நின்று அதைப் படித்தேன். கூச்சல் எதுவும் இல்லை. வயசான கம்பிக்காரர் ஒருவர் மட்டும் கேட்டார்: "சார், உங்க நோட்டுல எங்களுக்கு எத்தனை மாசம் இருக்கு?" ஒன்பது என்றேன். "அதை அவங்களுக்கு எழுதிப் போட்டீங்களா?"

போடவில்லை. ஒவ்வொரு நாளும் ஆஜர் குறித்தேன், சம்பளக் கணக்குக்கு அனுப்பினேன், ஆனால் இவருக்குத் தவணை முடிந்து 5 மாசம் ஆகிவிட்டது என்று ஒரு வரி எழுதியதில்லை.

குய்லினில் செய்தி காதில் விழுந்ததும் ஷூ ஜி என்பவரும் இன்னும் சிலரும் தளபதி வாங் ஜோங்ஃபுவைக் கொன்றார்கள். அந்தச் சிலரில் முன்னாள் கொள்ளைக்காரர்களும் உண்டு, அரசே பிடித்துப் படையில் சேர்த்த ஆட்கள். ஆயுதக் கிடங்கை உடைத்தார்கள், வடக்கு நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். ராஜ்யம் பிடிக்க இல்லை, வீட்டுக்குப் போக. பாங் ஷுனை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு என் மனசு சொல்லும் காரணம் ஒன்றுதான்: யாருக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்று அத்தனை பேருக்கும் சேர்த்துத் தெரிந்தவர் கணக்குக்காரர்தான். என்னிடமும் அதைத்தான் கேட்டார்கள். "நோட்டை எடுத்துக்கிட்டு எங்ககூட மேனேஜர்கிட்ட வாங்க சார், நாங்க பேசினா கேக்க மாட்டாங்க." அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர்களே போனார்கள். தூண்டிவிட்டவர்கள் என்று மூன்று பேரை அன்றைக்கே கேம்ப்பிலிருந்து வெளியேற்றினார்கள், பாக்கிச் சம்பளம்கூடக் கொடுக்காமல்.

இனி நடந்ததுதான் என்னை ரொம்ப வாட்டுகிறது. இந்தக் கலகம் அடங்கிப்போக ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருந்தது. அரசவை ஜாங் ஜிங்சி என்ற அரண்மனை அதிகாரியை அனுப்பி மன்னிப்பு என்றது, ஊர் வரை கொண்டுபோய் விடுகிறோம் என்றது, அவர்களும் வழியில் கொள்ளையடிப்பதை நிறுத்தினார்கள். ஹுனானில் அரசு அதிகாரிகள் தந்திரம் செய்து அவர்களை ஆயுதங்களை ஒப்படைக்கவும் வைத்துவிட்டார்கள். ஆனால் 862இல் அதே ஷூசோவில் வெள்ளிவாள் படை என்ற முரட்டுப் படையினர் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டதை இவர்கள் மறக்கவில்லை. நம் குற்றம் அவர்கள் குற்றத்தைவிடப் பெரிது, ஊருக்குப் போனால் கண்டதுண்டம்தான் என்று பேசிக்கொண்டு, சொந்தக் காசைப் போட்டு மறுபடி ஆயுதமும் கொடியும் செய்தார்கள். ஹுவாய்நானில் லிங்ஹூ தாவ் என்ற பெரிய அதிகாரி சாப்பாடு கொடுத்துத் தாண்டிப் போகவிட்டார், என் எல்லைக்குள் கலாட்டா செய்யாதவரை எனக்கு என்ன என்று. (அவர் முன்னாள் முதலமைச்சர், அவரே இப்படி!)

ஊரை நெருங்கியதும் மனு அனுப்பினார்கள். அதில் முக்கியமாகக் கேட்டது இரண்டு. அந்த மூன்று பேரைப் பதவியிலிருந்து எடுங்கள். திரும்பி வந்த எங்களைத் தனி முகாமாக ஒரே தலைவரின் கீழ் வையுங்கள். இவ்வளவுதான். சுய் யான்செங் பதிலுக்கு 3,000 பேரை அனுப்பித் தாக்கச் சொன்னார். அந்தப் படை தோற்றது, செத்தவர் போக மிச்சப் பேர் கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். விவசாயிகளும் வந்து சேர, 868 முடிவதற்குள் ஷூசோ விழுந்தது. யின் கானையும் மற்ற இருவரையும் கொடூரமாகக் கொன்றார்கள்.

இவர்களைத் தியாகிகளாக்கிப் பேச எனக்கு மனசு வரவில்லை. நகரம் கைக்கு வந்ததும் குய்லினிலிருந்து கூடவே வந்த பழைய ஆட்கள்தான் அதிகமாக ஆடினார்கள், ஜனங்களின் சொத்தைப் பிடுங்கினார்கள், பெண்களைத் தூக்கிப் போனார்கள், பாங் ஷுனால் தடுக்க முடியவில்லை. அவரும் இதற்குள் பெரிய பட்டம் கேட்டு அரசவையோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். ஊர் வெறுத்துப்போனது. 869இல் காங் செங்ஷுன் தலைமையில் வந்த அரசுப் படைகளும் ஷாதுவோ இனக் குதிரை வீரர்களும் சேர்ந்து முடித்துவைத்தார்கள், பாங் ஷுனும் செத்தார். அதன்பின் குய்லின் சிப்பாய்களின் உறவினர்களைத் தேடிப் பிடித்து வெட்டினார்கள், சில ஆயிரம் பேர். எந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார்களோ அந்த வீடே இல்லாமல் போனது. தாங் அழிந்தது பின்னால் வெடித்த ஹுவாங் சாவ் கலகத்தால், ஆனால் அந்த நாசத்துக்கு அடித்தளம் குய்லினில் விழுந்தது என்று பின்னால் வந்த சீன வரலாற்று ஆசிரியர்கள் எழுதினார்கள்.

ஒரு வருஷச் செலவை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கு அது.

இப்போது வேறு சைட்டில் இருக்கிறேன். மஸ்டர் ரோலில், அதாவது ஆஜர் பட்டியலில், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊருக்குப் போக வேண்டிய தேதியைச் சிவப்பில் எழுதி, தாண்டிய நாட்களையும் போட்டு மாசாமாசம் ஹெட் ஆபீஸுக்கு என் கையெழுத்தோடு அனுப்புகிறேன். யாரும் கேட்கவில்லை, நிறுத்தச் சொல்லி இரண்டு தடவை போன் வந்தது. போன மாசம் இரண்டு பேருக்கு மாற்று ஆள் வந்தார்கள், நாலு நாள் தாமதமாக.