பின் சீட்டில் ஒரு வாதம்

பின் சீட்டில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் "பெல்ட் போட்டுக்கங்க" என்றுதான் சொன்னேன். "நீ போன வாரம் ஹெல்மெட் இல்லாமத்தானே வண்டிய எடுத்துட்டுப் போனே?" என்றார். போனேன்தான், தப்புதான், அதற்கும் அவர் பெல்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? அடுத்து, "அப்போ எனக்குக் கார்ல உட்காரவே தெரியாதுங்கிறியா?" நாம் சொல்லாததைச் சொன்னதாக வைத்துக்கொண்டு அடித்து நொறுக்குவது. எனக்கு அதிக எரிச்சல் தருவது இதுதான், ஏனென்றால் நாமும் உடனே "நான் எப்போ அப்படிச் சொன்னேன்" என்று அந்தப் பக்கம் ஓடிவிடுவோம், பெல்ட் அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் "30 வருஷமா இப்படித்தான் உட்காருறேன், என்ன ஆச்சு?" ஏதாவது ஆனவர்கள் வந்து சொல்லப்போவதில்லையே!

இந்த மாதிரி ஓட்டை வாதங்கள் புதிதில்லை. அரிஸ்டாட்டில் இவற்றில் 13 வகை எண்ணி வைத்தார். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பக்கப்போலி (சொல்லவரும் முடிவில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். போலி! என்ன பொருத்தமான சொல், பார்க்க அசல் காரணம் மாதிரியே இருக்கும்.

வெறுமனே திட்டுவது இதில் சேராது, அது திட்டு, அவ்வளவுதான். "இவன் இப்படிப்பட்டவன், அதனால் சொல்வது பொய்" என்னும்போதுதான் சேரும். இன்னொன்று, காரணம் ஓட்டை என்பதாலேயே முடிவு தப்பாகிவிடாது. அன்றைக்கே சித்தப்பா "இந்த ரோடு வேண்டாம்டா, என் ராசிக்கு டிராஃபிக்ல மாட்டுவோம்" என்றார். ராசியைக் கேலி செய்துவிட்டு அதே ரோட்டில் போனேன். முக்கால் மணி நேரம் நின்றோம். பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.