வடக்கே பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவில் பல் உதவியாளராகப் படித்து முடித்தவர்களும், ஊரில் படித்த பட்டத்துக்கு இங்கே சமநிலைத் தேர்வு எழுதித் தேறிய பல் வைத்தியர்களும் முதல் வேலைக்கு வடமேற்கு ஒன்ராறியோவை நாடுவதுண்டு. தண்டர் பே, கெனோரா, சூ லுக்கவுட். அங்கே நாற்காலியில் வந்து அமர்பவர்களில் பலர் அனிஷினாபே, ஓஜி-கிரீ முதற்குடி மக்கள். புறப்படுமுன் ஸ்காபரோவில் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு: "அவையளுக்கு எல்லாம் அரசாங்கம் சும்மா குடுக்குது, பிறகேன் பல்லு இப்பிடிக் கிடக்கு?" இந்தக் கேள்வியோடு போனால் முதல் மாதமே எல்லாம் பிழையாகிவிடும். பல் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பதில் வாய்க்குள் இல்லை.

முதலில் அந்த "சும்மா". பல் சிகிச்சைச் செலவையும் ஏற்கும் சமஷ்டி அரசின் என்.ஐ.எச்.பி. சுகாதாரத் திட்டம், அரசின் பதிவேட்டில் உள்ள முதற்குடிகளுக்கும் அங்கீகரிக்கப்பட்ட இனுயிட் (வடதுருவப் பகுதி) மக்களுக்கும் மட்டுமே. மெட்டி மக்களுக்கும் (முதற்குடிகளும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்தவர்கள்) பதிவில்லாதவர்களுக்கும் அது கிடையாது. ஒரே வீட்டில் அம்மாவுக்கு உண்டு, பேரப்பிள்ளைக்கு இல்லை என்பது சர்வசாதாரணம். இதைத் தர்மம் என்று நினைப்பதும் தவறு. அரசுக்கும் மேற்குச் சமவெளி முதற்குடிகளுக்கும் இடையே 1876-ல் எழுதப்பட்ட ஆறாம் உடன்படிக்கையிலேயே "மருந்துப் பெட்டி" வைத்திருப்போம் என்ற வாக்கு இருக்கிறது. நிலத்தைக் கொடுத்தவர்களுக்குக் கொடுத்த வாக்கு அது.

திட்டத்தில் இருப்பவருக்கும் தடை தாளில் வருகிறது. அட்டையிலுள்ள பத்து இலக்கமும் பிறந்த திகதியும் பெயரின் எழுத்தும் கோப்போடு அப்படியே பொருந்தவேண்டும். திருமணத்துக்குப் பின் மாறிய குடும்பப் பெயர், இரண்டு விதமாக எழுதப்பட்ட முதற்பெயர் போன்றவற்றாலேயே கோரிக்கைகள் திரும்பி வரும். பல் கவசத்துக்கும் கழற்றிப் பூட்டும் பகுதிப் பல்தட்டுக்கும் முன்அனுமதி வேண்டும். எக்ஸ்ரே மங்கலாக இருந்தாலோ, முரசு (ஈறு) அளவுக் குறிப்பு விடுபட்டாலோ நோயாளி மறுபடி விமானம் ஏறவேண்டியிருக்கும். ஆகவே அவர் ஊர் திரும்புமுன், அன்றைக்கே, எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சேவை நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை போகவேண்டும். தாள் வேலைக்குப் பயந்து "இப்ப காசு கட்டுங்கோ, பிறகு நீங்களே திட்டத்திடம் கேளுங்கோ" என்று சொல்லும் கிளினிக்குகளும் உண்டு. கையில் காசில்லாதவருக்கு அது கதவைச் சாத்துவதற்குச் சமம். வேலைக்குச் சேருமுன், கட்டணத்தை நேரே திட்டத்துக்கு அனுப்புகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதற்குடிப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி ஜோர்டன் கோட்பாடு. மனிற்றோபாவின் நோர்வே ஹவுஸ் கிரீ சமூகத்தைச் சேர்ந்த ஜோர்டன் றிவர் அன்டர்சன், வீட்டுப் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது என்று மாகாணமும் மத்தியும் இழுபறிப்பட்டதில், ஒரு நாளும் வீடு போகாமலே 2005-ல் ஐந்து வயதில் ஆஸ்பத்திரியில் இறந்தான். பிள்ளைக்குரிய சேவையை முதலில் கொடு, கணக்கைப் பிறகு பார் என்பதே கோட்பாடு. விண்ணப்பத்தில் "பல் சிகிச்சை தேவை" என்று மொட்டையாக எழுதினால் நிற்காது. வலியால் எத்தனை இரவு தூக்கமில்லை, எதைச் சாப்பிட முடியவில்லை, பள்ளிக்கூடம் எத்தனை நாள் போகவில்லை என்று எழுதவேண்டும்.

இனித் தண்ணீர். வட ஒன்ராறியோவின் நெஸ்கன்டாகா முதற்குடிச் சமூகத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும் என்ற அறிவித்தல் 1995 பெப்ரவரியில் வந்தது. அங்கே பிறந்த பிள்ளை குழாய்த் தண்ணீரை நம்பாமலே வளர்ந்து பெற்றோராகிவிட்டது. வினிபெக் நகரத்துக்கு 1919 முதல் தண்ணீர் கொடுக்கும் ஏரிக்கரையிலே இருக்கும் ஷோல் லேக் 40 சமூகம், 1997 முதல் 2021 வரை தனக்குக் குடிதண்ணீர் இல்லாமல் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் "சோடா குடிக்காதீங்கோ, தண்ணி குடியுங்கோ" என்று சுவரொட்டி ஒட்டுவது அவமதிப்பு. எது எந்த அறிவித்தல் என்று சமூகச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கொதிக்கவைக்கும் அறிவித்தலென்றால் நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடம் விடவேண்டும். "அருந்தவே வேண்டாம்" என்ற அறிவித்தலென்றால் கொதிக்கவைத்தும் பயனில்லை, இரசாயனம் போகாது. பல் விளக்கவும் அதே விதிதான். போத்தல் தண்ணீரில் பெரும்பாலும் ஃபுளோரைட் இருக்காது. எனவே பற்பசையே முழுப் பாரத்தையும் சுமக்கிறது. விளக்கி முடித்துத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். தண்ணீரும் மிச்சம், ஃபுளோரைட்டும் பல்லில் நிற்கும். மூன்று வயதுக்குட்பட்டவருக்கு ஓர் அரிசியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு.

சாப்பாட்டுக் கதையும் இதன் தொடர்ச்சி. சூ லுக்கவுட்டுக்கு வடக்கேயுள்ள பல ஊர்களுக்கு ஆண்டு முழுவதும் விமானம்தான். ஏரிகள் உறைந்திருக்கும் சில வாரங்கள் மட்டும் பனிப்பாதை. விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கூலி. பாலும் பழமும் பாரம், கெட்டும் போகும். கரைத்துக் குடிக்கும் பழச்சுவைத் தூள் பாரமில்லை, கெடாது. சீனி மலிவாகவும் பால் விலையாகவும் இருப்பதற்கு இதுவே போதும். மானும் மீனும் காட்டரிசியும் பெரிகளும் பல்லுக்குக் கேடு செய்யாத உணவு. ஆனால் வேட்டைக்கு ஸ்னோமொபைலும் பெற்றோலும் வேண்டும். மீனுக்கும் வினை வந்தது: டிரைடனிலிருந்த காகிதக்கூழ் ஆலையிலிருந்து 1962-க்கும் 1970-க்கும் இடையில் சுமார் 9 தொன் பாதரசம் ஆற்றில் விடப்பட்டதில், ஆற்றின் கீழ்ப்புறம் வாழும் கிராஸி நரோஸ் முதற்குடி மக்களின் மீன் நஞ்சாகியது. மீன்பிடி வேலையும் போனது, தட்டிலிருந்த மீனும் போனது, அந்த இடத்தில் கடைச்சாமான் வந்து குந்தியது. பற்சூத்தையை "பழக்கம்" என்று கோப்பில் எழுதுபவர் இதைப் படித்துவிட்டு எழுதவேண்டும்.

பால் போச்சியோடு பிள்ளையைத் தூங்கவைப்பதைப் பற்றி அங்கே தாய்மாருக்குப் பாடம் எடுக்கத் தோன்றும். நம் வீடுகளிலும் அதே போச்சி இருக்கிறது. போச்சியைப் பறிக்கச் சொல்லாதீர்கள். தூளும் சீனியும் கலப்பதை முதலில் குறைத்து, பிறகு இரவுப் போச்சியில் பாலை நாளுக்கு நாள் நீர்க்கவைத்து, நல்ல தண்ணீர் கிடைக்கும் வீட்டில் தண்ணீருக்கு வரலாம். கூட்டம் நிறைந்த வீட்டில் ஒரு பிள்ளை அழுதால் எட்டுப் பேர் விழிப்பார்கள். அதனால்தான் போச்சி.

ஊருக்கு வரும் பல் வைத்தியர் சில நாட்களே தங்குவார். வானிலை கெட்டால் அதுவும் இல்லை. வலியோடு வருபவரை முதலில் பார்க்கவேண்டியிருப்பதால், அடைக்கக்கூடிய பல் அடுத்த தடவைக்குத் தள்ளப்படும். அடுத்த தடவை அது பிடுங்கவேண்டிய பல்லாகியிருக்கும். சின்னப் பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் பல் சிகிச்சை, பூர்வீகக் குடிகள் அதிகம் வாழும் பகுதிகளில் 8.6 மடங்கு கூடுதல் என்று கனடிய சுகாதாரத் தகவல் நிறுவனம் 2013-ல் சொன்னது. அந்த வரிசையைக் குறைக்கக் கையில் இருப்பது 38 வீத வெள்ளி டயமைன் ஃபுளோரைட். ஹெல்த் கனடா 2017-ல் அனுமதித்தது. துளைக்க வேண்டாம், ஊசி வேண்டாம். உதட்டில் வஸ்லின் பூசி, பல்லைப் பஞ்சால் நன்றாக உலர்த்தி, நுண்தூரிகையால் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் விடவேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி. ஈரம் இருந்தால் மருந்து பிடிக்காது. நரம்பு தெரியும் குழியிலோ, வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கோ போடக்கூடாது. சூத்தை நிரந்தரமாகக் கறுக்கும். இதைப் படம் காட்டிச் சொல்லாமல் முன்பல்லில் பூசினால் அந்தக் குடும்பம் திரும்பி வராது, வராமலிருப்பதும் நியாயம்.

வரலாறு நாற்காலியில் வந்து அமரும். 150,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, அரசும் திருச்சபைகளும் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். 1940-களின் இறுதியிலிருந்து ஆறு பள்ளிகளில் பசித்த பிள்ளைகள்மீது ஊட்டச்சத்துச் சோதனைகள் நடந்தன. வாயின் நிலையை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தியதால், முடிவு குழம்பிவிடும் என்று சொல்லி வழக்கமான பல் பராமரிப்பை நிறுத்தினார்கள். வரலாற்றாசிரியர் இயன் மொஸ்பி 2013-ல் இதை ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்தார். இன்று எழுபது வயதில் வரும் பாட்டி, அந்தத் தலைமுறையின் பிள்ளை. எனவே நாற்காலியை முழுதாகச் சாய்க்காதீர்கள். தொடுமுன் கேளுங்கள். கை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று சொல்லி, உயர்த்தியவுடன் நிறுத்துங்கள். ஒரு தடவை நிறுத்தாவிட்டாலும் சொன்ன சொல் போய்விடும். "ஏன் இவ்வளவு நாள் வரேல்லை?" என்ற கேள்வியே வேண்டாம். கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரமாகும். அந்த மௌனத்தை நிரப்பாதீர்கள். நம்மவர் வாய் சும்மா இருக்காது, இதைப் பழகத்தான் வேண்டும்.

தாய்மாருக்கு இன்னொரு பயம். 2021 குடிசன மதிப்பில் 15 வயதுக்குட்பட்டோரில் பூர்வீகக் குடிப் பிள்ளைகள் 7.7 வீதம், வளர்ப்புப் பராமரிப்பிலோ 53.8 வீதம். சூத்தையைக் கண்டு பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்று ஒளிக்கிறார்கள். அலட்சியம் என்ற சொல்லை எழுதுமுன், அந்த ஊருக்குப் பல் வைத்தியர் கடைசியாக எப்போது வந்தார் என்று கோப்பில் பாருங்கள்.

குளிர் பொருட்களையும் தாக்கும். விறைப்பு மருந்துக் குழாய்கள் விமானச் சரக்கில் உறைந்துவிடும். பெரிய காற்றுக் குமிழோடு பின்தக்கை வெளியே தள்ளியிருந்தால் அது உறைந்தது, எறிந்துவிடுங்கள். மருந்தையும் அடைக்கும் பசைகளையும் கைப்பையில் கொண்டுபோவது நல்லது.

இவ்வளவுக்கும் சரியான விடை ஒரு காலத்தில் இருந்தது: அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே, பல் வைத்தியர் பட்டமில்லாமலே பல் அடைக்கவும் பிடுங்கவும் தெரிந்த பல் சிகிச்சையாளராகப் பயிற்றுவது. 1972-ல் வடமேற்குப் பிரதேசத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் தொடங்கிய அந்தத் தேசியப் பள்ளி, 2011-ல் நிதி நிறுத்தப்பட்டு மூடப்பட்டது. சஸ்காட்சுவானில் 2023-ல் பயிற்சி மறுபடி தொடங்கியிருக்கிறது. அந்தப் படிப்பு முடித்தவர் உங்கள் கிளினிக்குக்கு வந்தால், பட்டம் உங்களிடம் பெரிதாக இருக்கலாம், ஊர் அவருடையது. குடும்பத்தோடு பேசுவதை அவரிடம் விடுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து ரொறன்ரோ திரும்பும் நாள் வரும். அதற்கு முந்தைய வாரம் ஒவ்வொரு கோப்பிலும் எழுதிவைக்கவேண்டியவை: எந்தப் பல்லுக்கு வெள்ளி மருந்து எந்தத் திகதியில், ஆறு மாதம் எப்போது முடிகிறது, எந்த முன்அனுமதி எங்கே நிற்கிறது, யாருக்கு நாற்காலி சாய்க்கக்கூடாது, எந்தப் பிள்ளை பாட்டி மடியில் மட்டும் வாய் திறக்கும்.