திருகோணமலை புனித ஸ்தேவான் சேமக்காலை

கோணேசரைத் தரிசிக்கப் பிரடெரிக் கோட்டைக்குள் போகிறவர்களில் அநேகர், டொக்யார்ட் வீதிப் பக்கம் இருக்கும் புனித ஸ்தேவான் சேமக்காலையை, அதாவது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தை, கவனிப்பதில்லை. திருகோணமலை அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) சபையின் ஆரம்ப காலத்தை அறிய விரும்புகிறவர்கள் முதலில் வர வேண்டிய இடம் இதுதான். ஆலயக் கட்டடத்துக்கு ஓடு மாற்றுவார்கள், சுவர் இடித்துக் கட்டுவார்கள். கல்லில் வெட்டிய பெயரை யாரும் திருத்தி எழுதுவதில்லை.

1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடைய ஆராதனையும் படையோடும் கப்பலோடும்தான் இங்கே கரையேறியது. அப்போது இலங்கைக்கென்று பேராயர் இல்லை. பின்னர் கல்கத்தா, அதன்பின் சென்னைப் பேராயரின் கீழ் இருந்து, 1845இல்தான் கொழும்பு மறைமாவட்டம் உருவானது. முதல் பேராயர் ஜேம்ஸ் சாப்மன்.

இங்கே அடக்கம் பண்ணப்பட்டவர்களில் இருவரைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒருவர் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஆஸ்டின். இரண்டாம் பர்மா யுத்தத்தின்போது, 1852 ஒக்டோபர் 7ஆம் தேதி, ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே வாந்திபேதியால் இறந்தார். வயது 73. மற்றவர் கொழும்பில் பிறந்த மேஜர் மோல்ஸ்வர்த். திருகோணமலையில் இருந்துகொண்டே தொலைநோக்கியால் வியாழன் கிரகத்தை ஆராய்ந்த பொறியியற் படையதிகாரி; செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கு அவருடைய பெயர் இருக்கிறது. அவர் இறந்தது 1908 நத்தார் தினத்தன்று. மறுநாள் டிசம்பர் 26, முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் திருநாள். 2004இல் கடல் பொங்கி இந்தக் கரையோரத்தை அள்ளிக்கொண்டு போனதும் அதே திருநாளில்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளில் இங்கே வருகிறவர்கள் இரண்டு காலத்தாருக்காகவும் ஜெபிக்கலாம். பழைய ஜெபப்புத்தகத்தின் அடக்க ஆராதனையில் வரும் 90ஆம் சங்கீதம் அதற்குப் போதும்.

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போங்கள். சூரியன் சாய்வாக விழும்போதுதான் தேய்ந்த எழுத்துகளின் ஓரத்தில் நிழல் விழும். உச்சிவெயிலில் கல் வெறும் பலகையாகத்தான் தெரியும். நிழலில் இருக்கும் கல்லுக்கு ஒரு முகக்கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் எழுத்து எழும்பும். சோக்குக்கட்டி, மா, எண்ணெய் எதையும் பூச வேண்டாம். கம்பித் தூரிகையால் தேய்த்தால் பாசியோடு எழுத்தும் போய்விடும். சுத்தத் தண்ணீரும் மெல்லிய தும்புத் தூரிகையும் போதும். வடகீழ்ப் பருவ மழைக்காலத்தில் புல் மறைப்பதால் சப்பாத்து அவசியம். வாயில் பூட்டியிருந்தால் மதில் ஏற வேண்டாம், குருவானவரிடம் கேளுங்கள்.

இந்தக் கல்லறைகளுக்கு மழையை விடச் சீமெந்து பொல்லாதது. பழைய பூச்சு சுண்ணாம்பு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதன் வழியே வெளியேறிவிடும். வெடிப்பில் சீமெந்து வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்பு படிகமாகிச் செங்கல்லை உதிர்க்கும், சில வருடத்தில் பூச்சு பாளமாகக் கழன்று விழும். ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு உப்பில்லாத ஆற்றுமணல், இதுதான் சரியான கலவை. ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். வெடிப்பில் முளைத்த அரசங்கன்றை இழுத்துப் பிடுங்கினால் கல்லும் கூட வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க மறுபடி வெட்டுவதே வழி.